அறாத நூல்

மாரி முடிந்து வெயில் ஒழுங்காக எறிக்கத் தொடங்கிய ஒரு காலையில்தான் அது நடந்தது. ஏழு மாதம் கையால் தைத்த ஒட்டுப் போர்வையை முதல்முறை கழுவினேன். கிணற்றடியில் பெரிய பேசினில் ஊறவிட்டு, அலசி, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கியபோது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, பப்படம் நொருங்கிய அளவுதான். கொடியில் போட்டு விரித்துப் பார்த்தால் அம்மம்மாவின் இளநீலச் சேலைத் துண்டு ஒரு முழத்துக்கு மேல் கிழிந்து தொங்குகிறது. கண்டபாட்டுக்குக் கிழியவில்லை. நான் தைத்த வரியோடு, அடிமட்டம் வைத்து வெட்டினதுபோல நேராகக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலின் ஓரத்தில் என் தையல் நூல் ஒரு இழைகூட அறாமல், தைத்த அன்று இருந்த மாதிரியே புத்தம் புதிதாக இருந்தது.

அதுதான் மனதுக்குள் கிடந்து அரித்தது. துணி கிழிந்ததைவிட நூல் அறாமல் இருந்தது. ஏனென்றால் அந்த நூலை நான் தெரிந்தெடுத்த ஒரே காரணம் அது அறாது என்பதுதான்.

எங்கள் ஊரில் இந்தப் பொருளுக்கு ஒரு பெயர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் குயில்ட் என்கிறார்கள். மேலே துண்டு துண்டாய்ப் பொருத்திய துணி, நடுவில் ஏதாவது மெத்தென்ற ஒன்று, கீழே ஒரு முழுத்துணி, மூன்றையும் சேர்த்து ஊடுருவிப் போகும் ஓட்டுத் தையல். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு இது யாருக்குத் தேவை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். இது ரொறொன்ரோவில் இருக்கும் அக்காவின் மகளுக்கு. அம்மம்மா செத்தபிறகு அலுமாரியில் பதினாலு நூல்சேலை இருந்தது. பாதி அம்மப்பா போனபின் கட்டிய வெள்ளையும் சாம்பலும், மீதி அதற்கு முந்தியவை. பட்டுகளை எல்லோரும் பங்கிட்டார்கள், நூல்சேலைகளை யாரும் கேட்கவில்லை. "அதுகளை வெட்டி ஏதாவது செய்யன்" என்று அக்காதான் தொலைபேசியில் சொன்னா. நடுவில் வைக்க இலவம்பஞ்சைத்தான் முதலில் யோசித்தேன், அது வழுக்கி வழுக்கி ஒரு மூலைக்குப் போய்க் கட்டியாகிவிடும் என்று பிறகு விளங்கியது. பழைய பிளனல் போர்வை ஒன்றை வைத்தேன். அது சரியாகவே வந்தது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

நூல்தான் கதை.

விரலில் சுற்றி இழுத்தது

நூல் வாங்க நவீன சந்தைப் பக்கம் போனேன். தையல் சாமான் விற்கும் கடைகளில் நூற்கட்டைகள் மிட்டாய்க்கடைப் போத்தல்கள்போல நிறம் நிறமாய் அடுக்கி இருக்கும், பார்த்தாலே மனம் குளிரும். கடைத் தம்பியிடம் "கையால தைக்க, நல்ல உறுதியான நூலாத் தாரும்" என்றேன். அவர் ஒரு பொலியெஸ்டர் கட்டையை எடுத்து, நூலை இரண்டு விரலிலும் சுற்றி இழுத்துக் காட்டினார். அறவில்லை. நானும் இழுத்தேன், விரல் சிவந்ததே தவிர நூல் அசையவில்லை. "அக்கா, சீலை போனாலும் இது போகாது" என்றார். அந்த ஒரு வசனத்தை நான் அப்போது பாராட்டாக எடுத்துக்கொண்டேன் பாருங்கள்!

ஆனால் அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைத்தான் அவர் தந்தார். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அம்மம்மா பழைய சட்டைகளின் தையலைப் பிரித்து, வரும் நூலைக் கிழிந்த காட் மட்டையில் சுற்றி வைப்பா. பிரித்த நூல் முறுக்கு விட்டு, பஞ்சு பஞ்சாய், அங்கங்கே முடிச்சோடு இருக்கும். அதில் எனக்குப் பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைத்துத் தந்தா. கிழமைக்கு ஒருமுறை அந்த விளிம்பு அவிழ்ந்து விழும். காலைப் பிரார்த்தனையில் நிற்கும்போது பின்னால் நிற்பவள் "விளிம்பு தொங்குது" என்று முதுகில் குத்துவாள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அறாத நூல் என்றால் எனக்கு வாய்பிளக்கும், அவ்வளவுதான்.

சரி, கிழிந்தபிறகு என்ன செய்வது, எல்லோரையும்போல இணையத்தில் தேடினேன். அங்கே ஒரு பெரிய வழக்கே நடக்கிறது. பருத்தித் துணிக்குப் பருத்தி நூல்தான், பொலியெஸ்டர் கத்திபோலத் துணியை அறுத்துவிடும், நூல் துணியைவிடப் பலவீனமாக இருக்கவேண்டும், அறுந்தால் திரும்பத் தைக்கலாம், துணி கிழிந்தால் என்ன செய்வாய் என்று ஒரு பகுதி. அதெல்லாம் பழைய பாட்டிமார் கதை என்று மறு பகுதி. அக்காவிடம் சொன்னேன். அவ உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டா: "பொலியெஸ்டர் பாவிச்சால் உதுதான்." இரண்டு கிழமையில் ஒரு பார்சல் வந்தது. அதற்குள் கையால் குயில்ட் தைப்பதற்கென்றே செய்த நூல்: முழுப் பருத்தி, மேலே மெருகு பூசி, தொட்டால் மெல்லிய கம்பிபோல விறைப்பாய் இருந்தது. அந்த மெருகினால்தான் மூன்று அடுக்கையும் சிக்காமல் ஊடுருவிப் போகிறது. அதை மெசினில் மட்டும் போடக்கூடாது, மெருகு கழன்று நூல் ஓடும் தட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். கூடவே எம்பிரொய்டரிக்குப் பாவிக்கும் முத்துநூல் 8, 12 என்று இரண்டு பந்தும், கட்டை ஊசிகளும் வைத்திருந்தா.

அத்தோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. என் மனதில் ஒரு கேள்வி. நான் உடுத்தும் கொட்டன் சட்டைகள் எல்லாம் பொலியெஸ்டர் நூலால் தைத்தவைதானே? அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியில் எடுத்துத் தையல்வாயைப் பார்த்தேன். பத்து வருடம் போட்ட வீட்டுச்சட்டை, கல்லில் அடித்து அடித்துத் தோய்த்தது, நிறம் போய்விட்டது, ஆனால் தையலோடு கிழியவில்லை. பொலியெஸ்டர் கத்தியென்றால் அந்தக் கத்தி என் சட்டைகளை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

பெரியம்மா வந்த நாள்

எங்கள் பெரியம்மா ஒருவர் இளவயதில் நெசவுசாலையில் வேலை செய்தவர். இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கண் கொஞ்சம் மங்கல், விரல் மட்டும் இன்னும் வலுவாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்கு அடுத்த நாள் வந்திருந்தார். கொடியில் கிடந்த கிழிசலைக் கண்டுவிட்டு "உதை இஞ்ச கொண்டா" என்றார். நான் இரண்டு நூற்கட்டையையும் கொண்டுவந்து வைத்து, பருத்தி, பொலியெஸ்டர் வழக்கு முழுவதையும் சொன்னேன். அவர் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

கிழிந்த சேலை ஓரத்திலிருந்து, குறுக்கே ஓடும் ஊடு இழை ஒன்றை உருவினார். அதை மடித்து ஒரு வளையம். என் பொலியெஸ்டர் நூலை மடித்து இன்னொரு வளையம். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இரண்டு பக்கமும் இழுத்தார். சேலை இழை சட்டென்று அறுந்தது. "பாத்தியே" என்று நான் சொல்ல வாயெடுக்க, "பொறு" என்று இன்னொரு இழையை உருவி, அக்கா அனுப்பிய விலை கூடின பருத்தி நூலோடு கோத்து இழுத்தார். அதிலும் சேலை இழைதான் அறுந்தது, அதே சுலபத்தில்.

"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை. இந்தச் சீலை முப்பது வருசம் தோய்ச்ச சீலை. உன்ரை அக்கா எந்த நூலை அனுப்பினாலும் இது தோக்கும்."

நான் கொஞ்சம் ஏமாந்துபோனேன். இணையத்தில் ஆயிரம்பேர் சண்டைபிடித்த வழக்கு எங்கள் விறாந்தையில் இரண்டு இழுவையில் தள்ளுபடியாகிவிட்டது.

அப்புறம் அவர் போர்வையைப் புரட்டி, கீழ்ப்பக்கத்தைக் கையால் தடவினார். என் தையல் வரி ஓடிய இடமெல்லாம் துணி சின்னச் சின்னச் சுருக்காய் எழும்பியிருந்தது. குயில்ட் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும், அதுதான் அழகு என்று நான் நினைத்திருந்தேன். "நீ இதைத் தைச்சனியோ, இல்லாட்டி மூட்டை கட்டினனியோ?" என்றார்.

பிறகு செய்ததைத்தான் நான் மறக்கமாட்டேன். பொலியெஸ்டர் நூலில் ஒரு முழத்தை வெட்டி, இரண்டு கையிலும் பிடித்து, என் கண்ணுக்கு நேரே வைத்து மெல்ல இழுத்தார். நீண்டது. இரண்டு விரலிடை அளவு நீண்டது. விட்டார், திரும்பச் சுருங்கியது. பருத்தி நூலில் ஒரு முழம் எடுத்து இழுத்தார். அது நீளவே இல்லை எனலாம், கொஞ்சநேரம் விறைத்து நின்றுவிட்டு 'டக்' என்று அறுந்தது. "இது சொல்லிப்போட்டு அறும். உது சொல்லாது" என்றார்.

அதில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் கை இறுக்கக்காரி. ஒவ்வொரு நாலு தையலுக்கும் நூலை ஒருதரம் இழுத்து விடுவேன், அது பழக்கம், விளிம்பு அவிழ்ந்த காலத்துப் பயம். நான் இழுக்க இழுக்கப் பொலியெஸ்டர் நீண்டுகொடுத்திருக்கிறது. நான் முடிச்சுப் போட்டு எழும்பிப்போன பிறகு, ஆறுதலாகத் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, துணியையும் சேர்த்து இழுத்திருக்கிறது. ஏழு மாதமாக ஒவ்வொரு வரியிலும் அதுதான் நடந்திருக்கிறது, எனக்கு ஒரு சைகைகூட இல்லாமல். பருத்தி நூலென்றால் முதல்நாளே பத்துத்தரம் அறுந்து, நான் எரிச்சல்பட்டு, கையைத் தளர்த்தியிருப்பேன். மெசினில் தைத்த என் சட்டைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை, மெசினுக்குப் பயம் கிடையாது, ஒரே அளவாக இழுக்கும். அதோடு அவை புதுத்துணியாய் இருக்கும்போது தைத்தவை.

மீதிக் குற்றங்களையும் பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்டிருந்தேன், படங்களில் பார்த்துப் பெருமைக்குச் செய்தது. அது புதுத்துணிக்குச் சரி, மக்கின துணியில் முத்திரைத் தாளின் ஓட்டைகள்போலக் கிழிவதற்கு வழி போட்டுக் கொடுக்கிறது. வரிகளைச் சேலையின் நீளப்போக்கில், பாவு இழையோடு ஒட்டி நேராக ஓடவிட்டிருந்தேன். அந்த வரிக்குக் குறுக்கே வரும் இழுவை முழுவதும் ஊடு இழைமேல்தான் விழும். தறியில் இழுபட்டு நிற்கவேண்டியது பாவு என்பதால் அதற்கு முறுக்கும் கூட, கஞ்சியும் போடுவார்கள். ஊடு அப்படியில்லை, சாதுவாக ஊடே போய்வரும். "மூலைப்பாட்டுக்குத் தைச்சிருந்தா ரெண்டும் சேந்து தாங்கியிருக்கும்" என்றார். கடைசியாக, தண்ணீர் குடித்த போர்வையை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கியது. பருத்தி நனைந்தால் பலம் குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் நடுவில் இருந்த பிளனல் குடித்த தண்ணீரின் பாரம் எல்லாம் அந்த ஒரு துண்டில் தொங்கியிருக்கிறது. இதில் யாருக்கு எத்தனை பங்கு குற்றம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பொலியெஸ்டருக்குத் தூக்குத் தண்டனை கொடுக்குமளவுக்கு இல்லை என்பது மட்டும் தெரியும்.

எண் கூடினால் நூல் மெலியும்

அன்று மாலை தேநீரோடு பெரியம்மா நூல் இலக்கக் கணக்கையும் சொல்லித்தந்தார். எனக்கு அதுவரை 40 என்றால் 30ஐவிடத் தடிப்பு என்றுதான் எண்ணம், உண்மை நேர்மாறு. ஒரு இறாத்தல் பஞ்சில் 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை நூற்கலாம் என்பதுதான் அந்த இலக்கம். 40ஆம் இலக்கமென்றால் 40 கழி, மொத்தம் 33,600 யார் ஒற்றை இழை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 30 கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. ஒரு இறாத்தல் பஞ்சை இழையாக்கி யாழ்ப்பாணத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனால் கிட்டத்தட்டப் பருத்தித்துறைக்குப் போய்விடலாம். பேரைப் பாருங்கள், பருத்தித்துறை! கட்டை ஊசிக்கும் இதே தலைகீழ்க் கணக்குத்தான், 8 பெரியது, 12 கண்ணுக்கே தெரியாதது. முத்துநூலிலும் அப்படியே, 12ஐவிட 8 தடிப்பு. நூற்கட்டைகளில் டெக்ஸ் என்று போட்டிருந்தால் மட்டும் கணக்கு நேராகும், அது 1000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பது, கூடினால் தடிப்பு.

இந்தத் தடிப்புத்தான் நான் யோசிக்காமல் விட்டது. பலம் பலம் என்று பார்த்தேனே தவிர, மெல்லிய உறுதியான நூல் மக்கின துணியில் ஒரு கோட்டில் அழுத்தும், கொஞ்சம் தடித்த, முறுக்குத் தளர்ந்த, மெதுவான நூல் அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும் என்று தோன்றவில்லை. தேங்காய் நிறைந்த பையைத் தூக்கினவர்களுக்குத் தெரியும், மெல்லிய கைபிடி விரலை வெட்டும், அகலக் கைபிடி வெட்டாது. வங்காளத்தில் காந்தா தைக்கும் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே நிறநூலை உருவித் தைப்பார்களாம் என்று முன்பு வாசித்தபோது அதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்தேன். துணியும் நூலும் ஒரே வயது, ஒரே பலம், எது எதை வெல்லும்? அம்மம்மாவின் காட் மட்டை நூலும் ஒருவகையில் அதுதானே. எனக்குத்தான் அது வெட்கமாக இருந்தது.

அந்த வழியில் நானும் சேலைக்கரையில் நூல் உருவிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பொறுமை போதவில்லை. பத்து இழைக்கு எட்டு இழை பாதியில் அறுந்தது. அதனால் முத்துநூலுக்கு வந்தேன். 8ஆம் இலக்கம் இந்த மெல்லிய துணிக்கு மிஞ்சிப்போனது, ஊசி போன இடமெல்லாம் கண் தெரிந்தது. 12 சரியாக உட்கார்ந்தது. அங்குலத்துக்கு ஐந்து, ஆறு தையல், மூலைப்பாட்டுக்கு, குறுக்கும் மறுக்குமாக. மெருகு பூசிய நூல் நல்லதுதான், புதுத்துணிக்கு அதைத்தான் எடுப்பேன், ஆனால் முப்பது வருடச் சேலைக்கு அதன் விறைப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சின்னச் சின்னச் சங்கதிகள் சில. நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டக்கூடாது. நீளமாய் வைத்தால் ஊசிக்காதில் திரும்பத் திரும்ப உரசி, பஞ்சு கிளம்பி, கடைசிப் பாதி நோயாளியாகிவிடும். சோம்பலில் இரண்டு முழம் வெட்டினவள் நான், அதனால் சொல்கிறேன். கட்டையிலிருந்து முதலில் வரும் நுனியையே ஊசியில் கோத்தால் முறுக்கு அவிழாமல் ஓடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு வாங்கி நூலை அதில் ஒருதரம் இழுத்தால் சிக்கு விழாது. மெழுகுதிரியிலும் இழுத்துப் பார்த்தேன், ஸ்திரிக்கை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது, வேண்டாம். சிவப்பு நூலென்றால் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்காமல் தொடவே கூடாது.

நிறத்துக்குத்தான் அதிக நாள் எடுத்தது. முதல்முறை எல்லாவற்றுக்கும் வெள்ளை போட்டிருந்தேன். இப்போது சேலைத் துண்டுகளை விறாந்தையில் விரித்து, நூல்களை ஒவ்வொன்றாக மேலே வைத்து, காலை வெளிச்சத்திலும் மின்குமிழ் வெளிச்சத்திலும் பார்த்தேன். பந்தாய் இருக்கும்போது தெரியும் நிறம் ஒற்றை இழையாய் ஓடும்போது ஒரு படி வெளிறும், அதனால் ஒரு படி கருமையாய் எடுக்கவேண்டும். அம்மம்மாவின் வெள்ளைச் சேலைகளுக்கு வெள்ளை நூல் போட்டால் தையல் மறைந்துவிடுகிறது, கறுப்புப் போட மனம் வரவில்லை. மாங்காய்க் கரை போட்ட அரக்குச் சேலை ஒன்று இருந்தது, அம்மப்பா இருந்த காலத்தில் கட்டியது. அதன் அரக்கு நிறத்தில் ஒரு பந்து எடுத்து வெள்ளைத் துண்டுகள் முழுவதையும் தைத்தேன். அந்த மாங்காய் வடிவத்துக்கு ஆங்கிலத்தில் பேஸ்லி என்று பெயர், ஸ்கொட்லாந்தில் ஒரு ஊர். தையலுக்கான பருத்தி நூலும் அந்த ஊரில்தான் பெயரெடுத்தது. 1806இல் நெப்போலியன் போட்ட தடையால் பட்டு வரவு நின்றுபோக, அங்கே கிளார்க் குடும்பத்தார் பருத்தியில் வழுவழுப்பான முறுக்கு நூல் செய்து பார்த்த கதை அது. தடை வந்தால் ஒரு ஊரில் நூல் ஆலை எழும்புகிறது, இன்னொரு ஊரில் அம்மம்மா சட்டை பிரிக்கிறா.

பழைய தையலை முழுக்கப் பிரிக்க ஒன்றரை மாதம். இரண்டாம் தரம் தைக்க ஐந்து மாதம் போய்விட்டது, இன்னும் ஒரு கரை இருக்கிறது. முதல் கிழமை பருத்தி நூல் ஒரு மாலைக்கு மூன்று நாலு தரம் அறுந்தது. ஒவ்வொரு தரமும் பெரியம்மா பக்கத்தில் இருந்து சிரிப்பதுபோல இருக்கும். இப்போது அறுவது குறைந்துவிட்டது. அக்கா வாரத்துக்கு ஒருதரம் கேட்கிறா, முடிந்ததா, முடிந்ததா என்று. வோஷிங் மெசினில் போடக்கூடாது, குளிக்கும் தொட்டியில் ஊறவிட்டு இரண்டுபேர் சேர்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தூக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவ "ஓம் ஓம்" என்கிறா, எனக்கு நம்பிக்கையில்லை.

அந்தப் பொலியெஸ்டர் கட்டை முக்கால்வாசி மிச்சமிருந்தது. எறிய மனமில்லாமல் மேசையில் கிடந்தது. போன மாதம் பெரியம்மா வந்தபோது அதை எடுத்து, ஒரு முழம் இழுத்துப் பார்த்து, கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அரிசிச் சாக்கு வாய் தைக்க உது நல்ல சாமான்" என்றார்.